ஆண்களுக்கான ஓமோன் சிகிச்சையும் காப்புறுதியின் கைவிரிப்பும்

உரத்துச் சொல்லத் தயங்கும் நோய்கள் எமது சமூகத்தில் சில உண்டு. நீரிழிவு என்றால் அயலவரிடமே ஆலோசனை கேட்பார்கள். இருதய நோய் என்றால் ஊரே விசாரிக்க வரும். ஆனால் முப்பத்தைந்து வயதிலேயே உடல் சோர்ந்து, மீசையும் தாடியும் மெலிந்து, தசை வற்றி, பிள்ளைப் பேறும் தள்ளிப்போகும் ஓர் ஆண்மகன், அதனை மனைவியிடம் சொல்லவே மாதக்கணக்கில் தயங்குகிறான். ஒருவாறு வைத்தியரிடம் சென்று குருதிப் பரிசோதனையில் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோன் குறைந்திருப்பது தெரியவந்தால், அடுத்து எழுவது பணம் பற்றிய கேள்வி. இச்சிகிச்சை ஒரு மாதத்திலோ ஒரு வருடத்திலோ முடிவதில்லை. பலருக்கு அது ஆயுட்காலம் முழுவதும் தொடரவேண்டியது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் காப்புறுதிக்கெனக் கழிக்கப்படுகின்றதே, அது இதற்கு உதவாதா என்று அலுவலகத்தில் கேட்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

கேட்டாலும் பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பதிலுக்கான காரணங்களில் ஒரு பகுதி நியாயமானது, ஒரு பகுதி நியாயமற்றது. இரண்டையும் பிரித்தறிந்தாலன்றி இவ்விடயத்தில் எவரும் உரிய கோரிக்கையை முன்வைக்க முடியாது.

தெஸ்தெஸ்தரோன் என்பது ஆணின் விதைகளில் சுரக்கும் ஓமோன். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கட்டளையிட, விதைகள் அதனைச் சுரக்கின்றன. இது 1935ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த பூட்டெனாண்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பாலுணர்வுடன் மட்டுமே இந்த ஓமோனை இணைத்துப் பார்ப்பது எம்மிடையே வழக்கமாயினும், எலும்பின் அடர்த்தி, தசையின் வலு, செங்குருதிக் கலங்களின் உற்பத்தி என்பனவும் இதிலேயே தங்கியுள்ளன. நெடுங்காலம் இது இல்லாதுபோனால் எலும்பு பொரியும், சிறு விழுகையிலேயே முறியும்.

இக்குறைபாடு எவ்வாறு ஏற்படுகின்றது? சிலர் பிறப்பிலேயே இதனுடன் வருகின்றனர். ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக அமையும் கிளைன்பெல்ட்டர் நிலை, ஏறத்தாழ 500 முதல் 1,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுவதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலானோர் அதனை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கின்றனர். பருவ வயதில் வரும் கூகைக்கட்டு விதைகளைத் தாக்கிப் பழுதாக்கலாம். கபச்சுரப்பியில் தோன்றும் கட்டி, புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை, தலசீமியா நோயாளரின் உடலில் அடிக்கடி குருதி ஏற்றுவதால் சேரும் இரும்பு என்பனவும் காரணங்களே. மூன்று தசாப்த காலப் போரைக் கண்ட குடாநாட்டில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எறிகணைச் சிதறலும் மிதிவெடியும் கால்களை மட்டும் பறிக்கவில்லை. இடுப்புப் பகுதியில் காயப்பட்டு விதைகளை இழந்தவர்களும் உண்டு. காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பற்றிப் பேசினோம். இவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.

இங்கேதான் முதலாவது சிக்கல் தோன்றுகின்றது. இதே மருந்து, நோயில்லாத ஆண்களுக்கும் "இளமை திரும்பும்" என்ற ஆசை காட்டி உலகெங்கும் விற்கப்படுகின்றது. உடற்பயிற்சி நிலையங்களில் தசை பெருக்குவதற்காக ஊசி ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். ஆண்மைக்குறைவுக்கு மூன்றே நாளில் தீர்வு என்ற விளம்பரங்களுக்கும் குறைவில்லை. அவற்றைப் பிரசுரித்துப் பணம் பெறுவதில் பத்திரிகைகளும் சளைத்தவையல்ல என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த இரைச்சலின் நடுவே, விதையை இழந்த ஒருவர் கேட்கும் மருந்தும், ஐம்பத்தைந்து வயதில் இருபத்தைந்து வயதின் உற்சாகத்தை நாடும் ஒருவர் கேட்கும் மருந்தும் காப்புறுதி அதிகாரியின் மேசையில் ஒரே பெயரில் வந்து விழுகின்றன. அவர் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்.

வயது ஏற ஏற இந்த ஓமோன் சற்றுக் குறைவது இயல்பு. உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் அது மேலும் குறைந்து காணப்படும். இவர்களுள் பலருக்கு உடல் எடையைக் குறைப்பதே முதல் மருந்தாகும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015ஆம் ஆண்டில், வயது முதிர்வினால் மட்டும் ஏற்படும் குறைவுக்கு இம்மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என எச்சரித்தது. இருதய நோய் அபாயமுள்ள 5,200இற்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான ட்ரவர்ஸ் ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் இச்சிகிச்சையால் அதிகரிக்கவில்லை எனக் காட்டியது. ஆயினும் இருதயத் துடிப்பு ஒழுங்கீனமும் நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்தலும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதை அதே ஆய்வு பதிவுசெய்தது. ஆகவே, முதுமையின் சோர்வுக்கெல்லாம் இம்மருந்துக்குப் பணம் தரமாட்டோம் எனக் காப்புறுதி நிறுவனங்கள் மறுப்பதைத் தவறென்று கூறமுடியாது. அந்த மறுப்பை, உடலில் அவ்வோமோன் சுரக்கவே வழியில்லாதவர் மீதும் சுமத்துவதே தவறு.

எமது நாட்டுக் காப்புறுதித் திட்டங்களின் அமைப்பே இத்தவற்றுக்கு வழிசெய்கின்றது. அரச ஊழியர்களுக்கான "அக்ரஹார" திட்டத்தை, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகின்றது. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தாதியர்கள் என ஏராளமானோரின் சம்பளத்தில் மாதந்தோறும் அதற்கென ஒரு தொகை கழிக்கப்படுகிறது. வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சை, சத்திரசிகிச்சை, பிரசவம், மூக்குக்கண்ணாடி போன்றவையே அத்தகைய திட்டங்களின் மையம். தனியார் நிறுவனங்கள் விற்கும் மருத்துவக் காப்புறுதிகளும் பெரும்பாலும் இவ்வாறே. நோயாளி விடுதியில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், ஓர் இரவேனும் தங்கியிருக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி ஆயுள் முழுவதும் பாவிக்கும் மருந்து என்பது இவற்றின் சிந்தனைக்கு வெளியே நிற்கின்றது.

வடமராட்சியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கபச்சுரப்பியில் ஏற்பட்ட கட்டி சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்படுகிறது. காப்புறுதி அதற்கு ஓரளவு உதவுகிறது. வீடு திரும்பும்போது கபச்சுரப்பி இயங்காத நிலையில், தைரொக்சின், ஹைட்ரோகோர்ட்டிசோன், தெஸ்தெஸ்தரோன் ஆகிய மூன்றும் அவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படுகின்றன. அறுவைக்குப் பணம் கொடுத்த திட்டம், அந்த அறுவை விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பும் மருந்துக்குக் கொடுப்பதில்லை. முதலிரண்டும் மலிவான குளிசைகள், கிளினிக்கில் கூச்சமின்றிக் கேட்டுப் பெறுபவை. மூன்றாவதை அவர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார். பத்து வருடங்களின் பின் மழைநாளொன்றில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. இப்போது விடுதி அனுமதி உண்டு, சத்திரசிகிச்சை உண்டு, ஆகவே காப்புறுதிப் பணமும் உண்டு! முறிவைத் தடுத்திருக்கக்கூடிய மருந்துக்கு மறுத்த நிதியம், முறிவுக்குப் பன்மடங்கு செலவிடுகின்றது. இது நோயாளிக்கு மட்டுமல்ல, நிதியத்தின் கணக்குக்கும் நட்டமே.

இந்நிலையில் குடாநாட்டு மக்களின் உண்மையான காப்புறுதி இலவச அரச மருத்துவமே. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையே வட மாகாணத்தின் ஒரேயொரு போதனா வைத்தியசாலை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலிருந்து அங்கு நோயாளர்கள் அனுப்பப்படுகின்றனர். அகஞ்சுரக்கும் தொகுதி வைத்திய நிபுணரைக் கட்டணமின்றிச் சந்திக்கும் வாய்ப்பு அங்கு உண்டு. இவ்வோமோனின் ஊசி மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருப்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டவேண்டும். அத்தியாவசியம் என உலகம் ஏற்ற ஒன்றை ஆடம்பரம் எனக் காப்புறுதி கருதுவது முரண். எனினும் அரச வைத்தியசாலையில் மருந்து கையிருப்பில் இல்லாதபோது வெளியே வாங்குமாறு துண்டு எழுதித் தரப்படும் என்பதை எல்லோரும் அறிவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியது. அவ்வேளைகளில்தான் காப்புறுதியின் தேவை உணரப்படுகிறது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாளுகின்றன என்பதை எமது உறவினர்கள் வாழும் நாடுகளைக் கொண்டே பார்க்கலாம். அவுஸ்திரேலிய அரசு தனது மருந்து மானியத் திட்டத்தில் 2015 ஏப்ரல் முதலாம் திகதி முதல் ஒரு தெளிவான கோட்டை வரைந்தது. விதையிலோ கபச்சுரப்பியிலோ நோய் உறுதிப்படுத்தப்பட்டவருக்கு மானியம் உண்டு. அவ்வாறான நோய் இல்லாத, 40 வயதுக்கு மேற்பட்டவராயின், வெவ்வேறு நாட்களில் காலையில் எடுத்த இரு பரிசோதனைகளில் ஓமோன் அளவு லீற்றருக்கு 6 நனோமோலுக்குக் குறைவாக இருக்கவேண்டும், அல்லது 6 முதல் 15 வரை இருந்து கபச்சுரப்பியின் எல்.எச். ஓமோன் மிக உயர்ந்திருக்க வேண்டும். முன்னர் 8 ஆக இருந்த எல்லையே 6 ஆகக் குறைக்கப்பட்டது. நிபுணரின் ஆலோசனையும் கட்டாயமாக்கப்பட்டது. கடுமையான விதிதான். ஆயினும் உண்மையான நோயாளி கதவுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை.

இங்கிலாந்தின் நிலை சற்று விசித்திரமானது. அங்கு மருந்துச் சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்களிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் கபச்சுரப்பிச் செயலிழப்பு உண்டு. விதைகளின் செயலிழப்பு இல்லை. கபச்சுரப்பி பழுதானவர் 60 வயதுக்கு முன்பே இலவசமாகப் பெறும் அதே மருந்துக்கு, விதையை இழந்தவர் கட்டணம் செலுத்துகிறார். பட்டியல் எழுதியவர்கள் மறந்துவிட்ட ஒரு வரி, மனிதரின் பணப்பையில் எவ்வாறு விழுகின்றது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அயலில், இந்திய மத்திய அரசு 2022 ஓகஸ்டில் தனது ஆயுஷ்மான் பாரத் காப்புறுதித் திட்டத்தைத் திருநர்களுக்கு விரிவாக்க உடன்படிக்கை செய்தது. ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரையான அத்திட்டத்தில் ஓமோன் சிகிச்சையும் உள்ளடங்குமென அறிவிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்களுக்கும் தெஸ்தெஸ்தரோனே மருந்து. இலங்கையில் சுகாதார அமைச்சு 2016இல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. சான்றிதழுக்கு வழி பிறந்தது, மருந்துச் செலவுக்குக் காப்புறுதி வழி பிறக்கவில்லை.

இனி, பாதிக்கப்பட்ட ஒருவர் இன்றுள்ள நிலையில் என்ன செய்யலாம்? காப்புறுதியிடம் எதைக் கேட்பதாயினும் நோய் நிர்ணயம் ஐயத்துக்கிடமின்றி எழுத்தில் இருக்கவேண்டும். இந்த ஓமோன் காலையிலேயே உச்சத்தில் இருக்கும், மாலையில் குறையும். மாலையில் வேலை முடிந்து தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்த குருதியின் முடிவைக் காட்டிச் சிகிச்சை கேட்டால், காப்புறுதி மட்டுமல்ல, நல்ல வைத்தியரும் ஏற்கமாட்டார். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், வேறு நோயுற்றிராத இரு வெவ்வேறு நாட்களில் பரிசோதிக்கவேண்டும். எல்.எச்., எவ்.எஸ்.எச். எனும் கபச்சுரப்பி ஓமோன்களின் அளவும் வேண்டும். அவை உயர்ந்திருந்தால் பழுது விதையில், உயராதிருந்தால் பெரும்பாலும் கபச்சுரப்பியில். ஆய்வுகூடங்கள் வெவ்வேறு அலகுகளைப் பயன்படுத்துவதையும் கவனிக்கவேண்டும். லீற்றருக்கு 1 நனோமோல் என்பது டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 29 நனோகிராம். அவுஸ்திரேலியரின் 6 என்ற எல்லை மற்றைய அலகில் ஏறக்குறைய 173 ஆகும். 173 என்ற எண்ணைக் கண்டு "நூற்றுக்கு மேல் இருக்கிறதே" எனத் திருப்தியடைந்து வீடு திரும்பக்கூடாது.

வைத்தியரின் கடிதத்தில் "ஆண்மைக்குறைவு" என்றோ வெறுமனே "ஓமோன் சிகிச்சை" என்றோ இருந்தால் அக்கோரிக்கை அன்றே முடிந்தது. எந்தச் சுரப்பி, எக்காரணத்தால், எப்போதிருந்து செயலிழந்தது, மருந்து நிறுத்தப்பட்டால் எலும்புக்கும் குருதிக்கும் என்ன நேரும் என்பன அதில் இருக்கவேண்டும். தனியார் துறையில் பணிபுரிவோர், தமது நிறுவனத்தின் கூட்டுக் காப்புறுதியில் வெளிநோயாளர் செலவுக்கென ஆண்டுத் தொகை ஏதும் ஒதுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். அவ்வாறு இருப்பின் இம்மருந்தின் பற்றுச்சீட்டுக்கு அதுவே பொருத்தமான வழி. அங்கும் விலக்குகளின் பகுதியை வாசிக்காமல் கையொப்பமிடலாகாது.

புதிதாகக் காப்புறுதி பெறும்போது முன்னரே உள்ள நோயை மறைக்கும் ஆசை பலருக்கும் எழும், இந்நோயில் சற்றுக் கூடுதலாகவே எழும். அது மிக ஆபத்தானது. மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் இந்த மருந்துக்கான கோரிக்கை மட்டுமன்றி, நாளை வரக்கூடிய மாரடைப்புக்கான கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

பத்திரங்கள் விடயத்தில் எமது மக்களின் நிலை தனியானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், 2009இல் வன்னியின் இறுதி நாட்களில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் பழைய கிளினிக் கொப்பி எங்கே இருக்கப்போகிறது? சிறுவயதில் நடந்த சத்திரசிகிச்சையையும் காயத்தையும் நிரூபிக்க அவர்களிடம் தழும்பு மட்டுமே உண்டு. அத்தகையோர், இன்றைய நிபுணர் தமது பரிசோதனையில் கண்டதையும் நோயாளி சொன்ன வரலாற்றையும் திகதியுடன் புதிதாக எழுதித் தருமாறு கேட்டுப் பெறலாம்.

முஸ்லிம் வாசகர்கள் சிலர் வழமையான காப்புறுதியைத் தவிர்த்துத் தக்காபுல் திட்டங்களை நாடுவர. பொது நிதிக்கு நன்கொடையாகச் செலுத்தி ஒருவருக்கொருவர் உதவுவது அதன் அடிப்படையாயினும், வெளிநோயாளர் மருந்து தொடர்பான வரையறைகளை அங்கும் எதிர்பார்க்கவேண்டும். மருந்தைப் பொறுத்தவரை, வாயால் உட்கொள்ளும் வில்லைகளின் உறை ஜெலற்றினால் ஆனதாக இருக்கக்கூடும். அதன் மூலம் எதுவென மருந்தாளரிடம் கேட்பதில் தவறில்லை, ஊசியும் பூசும் ஜெல்லும் மாற்றாக உள்ளன. போசணைக்காக அல்லாத தசை ஊசி நோன்பை முறிக்காது என்பதே உலமாக்களில் பெரும்பாலானோரின் கருத்து. ஜெல்லைத் தோளில் பூசினால் வுழூச் செய்வதால் அது கழுவப்படாது. குளிப்பை மட்டும் சில மணித்தியாலம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதியில் இந்த ஜெல் வந்து சேர்வதாகக் கேள்விப்படுகிறோம். வைத்தியரின் கண்காணிப்பின்றி அதனைப் பூசுவது தகாது. பூசிய தோளில் பிள்ளை சாய்ந்து உறங்கினால் மருந்து பிள்ளையின் உடலில் ஏறி, பருவ மாற்றங்கள் அகாலத்தில் தோன்றலாம். இதைவிடப் பெரிய துயரம் இன்னொன்றுண்டு. பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்துடன் இம்மருந்தை எடுப்பவருக்கு, அது விந்தணு உற்பத்தியை அடக்கி, இருந்த வாய்ப்பையும் பறித்துவிடும். கபச்சுரப்பிக் குறைபாடுள்ளவர் பிள்ளை பெற விரும்பினால் அதற்கான ஊசிகள் வேறு. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், மனைவியையும் உடன் அழைத்துச் செல்வது நன்று.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. முதலில் நிறுவனத்துக்கே முறைப்பாடு எழுதவேண்டும். அதில் திருப்தியில்லாவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். காப்புறுதித் துறை 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது, அதற்கான ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அக்ரஹார திட்டத்தைப் பொறுத்தவரை தனியொருவரின் கடிதத்தால் விதி மாறப்போவதில்லை. ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர் சங்கங்கள் சம்பள உயர்வுக்குக் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: அரச வைத்திய நிபுணர் எழுத்தில் உறுதிப்படுத்திய ஆயுட்கால ஓமோன் குறைபாடுகளுக்கு, வைத்தியசாலையில் கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கிய பற்றுச்சீட்டுக்குப் பணம் தரவேண்டும். கபச்சுரப்பி நோயாளரும், தலசீமியா நோயாளரும், போரில் காயமுற்றோரும் அந்த ஒரே வரிக்குள் அடங்குவர். தெஸ்தெஸ்தரோன் என்ற சொல்லை எந்த ஆணும் கூட்டத்தில் எழுந்து உச்சரிக்க வேண்டிய அவசியமும் இராது.